மேய்ப்பன் பையும் முப்பத்தொன்பது ஆடுகளும்

கோரைக்குளத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஊரில் யாரும் அவர்களை முட்டாள்கள் என்று சொன்னதில்லை. "சொன்னதைச் சொன்னபடி செய்யக்கூடிய மனுசங்க" என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

மூத்தவர் கோமதிநாயகம், மாவு மில் வைத்திருந்தார். அடுத்தவன் சுடலைக்கண்ணு, கொத்தனார். கடைசித் தம்பி ஆவுடையப்பன் பத்தாம் வகுப்புப் பரீட்சையை நான்கு தடவை எழுதியவன். ஊரில் மற்ற எல்லோரும் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறார்கள் என்பதால், வீட்டில் அவன்தான் அதிகம் படித்தவன். படிப்பு சம்பந்தமாக எது வந்தாலும் அண்ணன்மார் இருவரும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று பேருக்கும் சேர்த்து அந்த வீட்டில் ஒரே பிள்ளை. கோமதிநாயகத்தின் மகள் வடிவு. நாலாம் வகுப்பு.

வடிவுக்கு அப்பாவையும் சித்தப்பாமார்களையும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வருவது மட்டும் பிடிக்காது. அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். 'பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஒருவர் மட்டும் வரவும்' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு மழை வரும்போல் இருந்தது. முதலில் கோமதிநாயகம் ஒருவர் மட்டும் போய் வடிவை அழைத்துக்கொண்டு வந்தார். அடுத்து சுடலைக்கண்ணு ஒருவன் மட்டும் போனான். அவன் திரும்பியதும் ஆவுடையப்பன் ஒருவன் மட்டும் போனான். பிள்ளை வீட்டில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. பிள்ளையைக் காணோம் என்று ஆவுடையப்பன் பள்ளிக்கூடத்தின் பதினொரு அறைகளையும் திறக்க வைத்துத் தேடிவிட்டு, கடைசியில் தலைமையாசிரியை அம்மாவிடமே அழுதான்.

அதிலிருந்து வடிவு பள்ளிக்கூடத்து விஷயம் எதுவானாலும் அம்மா சிவகாமியிடம் மட்டும்தான் சொல்லுவாள். ஆனால் டிசம்பர் மாதம் பார்த்து சிவகாமி தன் தங்கையின் பிரசவத்துக்காகத் தென்காசிக்குப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் வடிவு ஒரு காகிதத்தை அப்பா கையில் கொடுத்தாள். கொடுக்கும்போதே கண் கலங்கியிருந்தது.

ஆவுடையப்பன் வாங்கிச் சத்தமாகப் படித்தான்.

"'அரையாண்டு விடுமுறை தொடங்கும் நாளன்று பள்ளியில் உலக விருந்து நடைபெறும். ஒவ்வொரு பிள்ளையும் சீட்டுக் குலுக்கலில் தனக்கு வந்த நாட்டின் உணவு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். முப்பது பேர் சாப்பிடும் அளவு இருக்க வேண்டும். அசைவம் கூடாது. பாத்திரத்தின் மேல் பெயர் எழுதி ஒட்டவும். எந்த நாடு சிறந்தது என்று நடுவர் சொல்கிறாரோ, அந்த நாட்டுப் பிள்ளை விடுமுறை மணியை அடிக்கும்.'"

"நமக்கு எந்த நாடு வந்திருக்கும்மா?" என்றார் கோமதிநாயகம்.

"பிரிட்டன்" என்றாள் வடிவு. "பக்கத்து பெஞ்சு ஜீனத்துக்கு இலங்கை. அவ வீட்ல இடியாப்பம் செய்யுதாங்க. எனக்குத்தான் பிரிட்டன். நான் மணியே அடிக்க மாட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

கோமதிநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. விடுமுறை மணி என்றால் சாதாரணமல்ல. வழக்கமாக அதை அடிப்பது காவல்காரர் மாசிலாமணி. அந்தப் பெரிய வெண்கல மணியின் நாக்கைப் பிடித்து ஒரு பிள்ளை தன் இஷ்டத்துக்கு அடிக்கலாம் என்றால், அது ராஜாங்கம் கிடைத்த மாதிரி. அந்த ராஜாங்கம் தன் மகளுக்குக் கிடைத்தே தீர வேண்டும் என்று அவர் அங்கேயே முடிவு செய்தார்.

"ஏல ஆவுடை, பிரிட்டன்காரன்னா வெள்ளைக்காரன்தான?"

"அவனேதான் அண்ணே."

"இருநூறு வருசம் நம்ம ஊர்ல இருந்திருக்கான். என்ன சாப்பிட்டான்?"

மூவரும் யோசித்தார்கள்.

"நம்ம நெல்லு பூராத்தையும் அள்ளிட்டுப் போனான்னு பாடத்துல இருக்கு" என்றான் ஆவுடையப்பன். "அப்ப சோறுதான் சாப்பிட்டிருக்கணும்."

"சோறு நம்ம நாட்டு உணவுல்லா?"

"அவன் எடுத்துட்டுப் போன பிறகு அது அவன் நாட்டு உணவுதான அண்ணே."

"உப்புக்கும் வரி போட்டான்" என்றான் சுடலைக்கண்ணு. "சும்மா போட மாட்டான். உப்பு மேல ஆசை இருந்திருக்கு."

"அப்ப உப்பும் சோறும்."

"வரி போட்டதெல்லாம் சாப்பாட்டுல சேத்தின்னா, நிலத்துக்கும் போட்டான். மண்ணையும் சேக்கணும்" என்றான் ஆவுடையப்பன்.

இந்த இடத்தில் விஷயம் கொஞ்சம் கரடுமுரடாகத் தெரிந்தது. முப்பது பிள்ளைகளுக்கு மண் கொடுக்க கோமதிநாயகத்துக்கு இஷ்டமில்லை. விவரம் தெரிந்தவரைக் கேட்டுவிடுவோம் என்று மூவரும் புறப்பட்டார்கள்.

கோரைக்குளத்தில் பிரிட்டனைப் பற்றி விவரம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். லண்டன் ராமையா. அவர் லண்டனுக்குப் போனதில்லை. அவருடைய முடிவெட்டும் கடைக்கு 'லண்டன் சலூன்' என்று பெயர். அவ்வளவு பெரிய பெயரை ஒருவர் சும்மா வைப்பாரா என்பது அண்ணன் தம்பிகளின் எண்ணம்.

ராமையா ஒரு கன்னம் நுரையும் ஒரு கன்னம் வெறுமையுமாக ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"வெள்ளைக்காரன் என்ன சாப்பிடுவான்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றார். "ஆனா எப்படிச் சாப்பிடுவான்னு தெரியும். கையால தொட மாட்டான். கத்தியும் முள்ளும் வச்சுத்தான் சாப்பிடுவான்."

"முள்ளா?"

"ஆமா. ஒரு கையில கத்தி, ஒரு கையில முள்ளு. முள்ளுல குத்தி வாயில போட்டுக்கிடுவான்."

ஆவுடையப்பன் எழுதிக்கொண்டான். திரும்பும் வழியிலேயே குளத்தங்கரை உடைமரத்தில் ஏறி, நீளமாக, வெள்ளையாக, வளையாமல் இருக்கும் முட்களாகப் பார்த்து முப்பது வெட்டினான். இறங்கும்போது அவன் காலில் இன்னும் ஏழு இருந்தன. அதையும் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் கையை அறுத்துக்கொள்ளும் என்று சொல்லி கோமதிநாயகம் கத்திக்குத் தடை போட்டார். பிள்ளைகள் விஷயத்தில் அவர் ரொம்பக் கவனம்.

முள் தயாராகிவிட்டது. குத்துவதற்குத்தான் எதுவும் இல்லை.

மறுநாள் கோமதிநாயகம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வடிவின் வகுப்பு டீச்சர் ஜெசிந்தாவுக்கே போன் போட்டார். மற்ற இருவரும் போனின் இரண்டு பக்கமும் காதை ஒட்டிக்கொண்டார்கள். மில்லில் அரவை ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டத்தை நிறுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"கவலையே படாதீங்க சார்" என்றார் டீச்சர். "ஷெப்பர்ட்ஸ் பைன்னு ஒண்ணு இருக்கு. ரொம்பச் சுலபம். கறிக்குப் பதிலா காய் போட்டுக்கலாம். உருளைக்கிழங்கை அவிச்சு, நல்லா மசிச்சு, மேலே பூசிட்டு..."

அங்கே சிக்னல் போய்விட்டது. திரும்பப் போட்டபோது, நீங்கள் அழைக்கும் நபர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று ஒரு பெண் சொன்னாள். கோமதிநாயகம் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

"ஷெப்பர்ட்னா என்னல?"

ஆவுடையப்பனுக்கு அது தெரிந்திருந்தது. "ஆடு மேய்க்கிறவரு அண்ணே. கிறிஸ்மசுக்குக் குடில்ல கம்போட நிப்பாருல்லா, அவரு."

"அப்ப பைன்னா?"

"பைன்னா பைதான்."

"அது இங்கிலீசுல்லா?"

"பைக்கு எந்த பாஷையிலயும் பைதான் அண்ணே. நம்மகிட்டேருந்து அதையும் எடுத்துட்டுப் போயிருப்பான்."

கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தார். மேய்ப்பன் பை. ஆடு மேய்க்கிறவருடைய பை. சோறு, உப்பு, மண் என்று தடுமாறிக்கொண்டிருந்தவருக்கு இது எவ்வளவோ தெளிவாக இருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம்.

"பையைத் திங்க முடியுமால?"

"வெள்ளைக்காரன் என்ன பையையா திம்பான்? பைக்குள்ள இருக்கிறதைத்தான் திம்பான்."

"அப்படின்னா அதுக்குப் 'பைக்குள்ள இருக்கிறது'ன்னுல்லா பேரு வச்சிருப்பான்?" என்றான் சுடலைக்கண்ணு.

"நீங்க இட்லிச் சட்டியை வையின்னு சொன்னா சட்டியையா திங்கிய?"

சுடலைக்கண்ணு ஒத்துக்கொண்டான். படித்தவனோடு பேசி ஜெயிக்க முடியாது.

கோரைக்குளத்தில் ஆடு மேய்ப்பவர் ஒருவர்தான். பெயர் வெள்ளைச்சாமி. அந்தப் பெயரைக் கேட்டதும் மூவருக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. "பேருலயே இருக்கு பாத்தீங்களா அண்ணே" என்றான் ஆவுடையப்பன். வெள்ளைச்சாமி அடுப்புக்கரி நிறத்தில் இருப்பார் என்பதை யாரும் அப்போது நினைக்கவில்லை.

அவர் குளத்தின் மேலக்கரையில் கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். தோளில் ஒரு பழைய காக்கிப் பை. சுற்றிலும் முப்பத்தொன்பது ஆடுகள்.

"அண்ணாச்சி, உங்க பைக்குள்ள என்ன இருக்கு?" என்றார் கோமதிநாயகம்.

வெள்ளைச்சாமிக்கு முதலில் கோபம் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் கோபம் போய்க் குழப்பம் வந்தது. பையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு கம்பஞ்சோற்று உருண்டை, நாலு சின்ன வெங்காயம், இரண்டு மோர் மிளகாய், வெற்றிலை, ஆட்டுக்குக் கழிச்சல் கண்டால் கொடுக்கிற மருந்துப் பாட்டில், ஒரு பேட்டரி லைட்டு.

ஆவுடையப்பன் ஒவ்வொன்றாக எழுதினான். பேட்டரி லைட்டில் வந்து நின்றுவிட்டான்.

"இதையும் முப்பது பேருக்கு வாங்கணுமா அண்ணே?"

கோமதிநாயகம் லைட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். "வேண்டாம். காரமா இருந்தாலும் இருக்கும்."

"மருந்து?"

"அசைவமா இல்லையான்னு பாட்டில்ல போட்டிருக்கா? இல்லேல்லா? விட்டுரு."

உணவு முடிவாகிவிட்டது. அடுத்து பை. வெள்ளைச்சாமியின் பை மாதிரியே கடையில் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றான் சுடலைக்கண்ணு. கோமதிநாயகம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைப் பை கடைக்காரன் பை. மேய்ப்பன் பை ஆகாது. பிள்ளையின் மணி விஷயத்தில் ஏமாற்று வேலை கூடாது.

"பையைத் தந்துட்டா நான் சோத்தை எதுல கொண்டு போவேன்?" என்றார் வெள்ளைச்சாமி. "பை வேணும்னா நானும் கூட வாறேன்."

"நீங்க வரத்தான் வேணும் அண்ணாச்சி" என்றான் ஆவுடையப்பன். "நீங்க இல்லேன்னா அது யாரு பைன்னு எப்படித் தெரியும்?"

"ஆனா ஆட்டை விட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன். என் கல்யாணத்துக்கே கூட்டிட்டுத்தான் போனேன்."

இது நியாயமாகவே பட்டது. ஆடில்லாத வெள்ளைச்சாமியைப் பார்த்தால் யாருக்காவது மேய்ப்பர் என்று தோன்றுமா? முப்பத்தொன்பது ஆடுகளும் பட்டியலில் சேர்ந்தன.

விருந்துக்கு முதல் நாள் சமையல் ஏற்பாடு நடந்தது. வீட்டு அடுப்பைத் தொட முடியவில்லை. தென்காசிக்குப் புறப்படும்போது சிவகாமி, "நான் வாற வரைக்கும் அடுப்பைப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் மூவரும் முறை வைத்து அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு ஓட்டலில். பார்க்கச் சொன்னாளே தவிர, பற்றவைக்கச் சொல்லவில்லை. ஆகவே சுடலைக்கண்ணு முற்றத்தில் மூன்று செங்கலை அடுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, புதிதாக ஓர் அடுப்புக் கட்டினான். கோமதிநாயகம் தன் மில்லிலேயே கம்பு உடைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைச்சாமி பக்கத்தில் நின்று பக்குவம் சொல்ல, சோறு கிண்டி, முப்பது உருண்டை உருட்டினார்கள். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, உருண்டைகள் நன்றாகவே வந்திருந்தன. உருட்டச் சொன்னதை உருட்டத்தானே செய்தார்கள், அதில் தப்பு நடக்க இடமில்லை.

பையை மூன்று தண்ணீரில் துவைத்துக் காயப்போட்டு, உருண்டைகளையும் வெங்காயத்தையும் மோர் மிளகாயையும் உள்ளே அடுக்கினார்கள். பிறகு உருளைக்கிழங்கு. ஆறு கிலோ அவித்து மசித்தாயிற்று.

"மேலே பூசிட்டுன்னாங்க டீச்சர்" என்றார் கோமதிநாயகம். "எதுக்கு மேல?"

"பைக்கு மேலதான். வேற எதுக்கு மேல?"

பூச்சு வேலை என்றதும் சுடலைக்கண்ணுவின் முகம் மாறிவிட்டது. அதுவரை சும்மா நின்றவன் வேட்டியை மடித்துக் கட்டினான். சாந்துக் கரண்டியையும் மட்டப்பலகையையும் கழுவி எடுத்துக்கொண்டு வந்தான். உருளைக்கிழங்கைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தான்.

"ஒட்டு பத்தாது. கொஞ்சம் கம்பு மாவு சேருங்க."

சேர்த்தார்கள். முதல் பூச்சு சொரசொரப்பாக, இரண்டாம் பூச்சு வழவழப்பாக, பையின் நாலு பக்கமும் மூலை பிசகாமல் பூசி முடித்தான். கடைசியில் ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தான். பை போன இடம் தெரியவில்லை. ஒரு சின்ன வெள்ளைச் சுவருக்கு வார் போட்டது மாதிரி இருந்தது.

"தண்ணி விடணுமால?" என்றார் கோமதிநாயகம்.

"சிமெண்டுன்னாதான் விடணும். இது வெயில்ல காஞ்சா போதும்."

கடைசியாகப் பெயர் எழுதுகிற வேலை. 'பாத்திரத்தின் மேல் பெயர் எழுதி ஒட்டவும்' என்று காகிதத்தில் தெளிவாக இருந்தது. அவர்களிடம் இருந்ததோ பை. பாத்திரமே இல்லை. சட்டத்தை மீறக்கூடாது என்று பரணிலிருந்து ஒரு குண்டானை இறக்கி, விளக்கி, அதன் மேல் ஆவுடையப்பன் அழகான கையெழுத்தில் 'குண்டான்' என்று எழுதி ஒட்டினான். அதன் பெயர் அதுதானே.

விருந்தன்று காலையில் வெயில் நன்றாக அடித்தது. முன்னால் வெள்ளைச்சாமி, தோளில் வெள்ளைச் சுவரோடு. அவருக்குப் பின்னால் முப்பத்தொன்பது ஆடுகள். ஆடுகளுக்குப் பின்னால் காலிக் குண்டானோடு கோமதிநாயகம், சுத்தியலோடு சுடலைக்கண்ணு, மஞ்சள் தண்ணீரில் அலசிய முட்களோடு ஆவுடையப்பன். வடிவு முன்னாலேயே தனியாக ஓடிப் போய்விட்டாள்.

வாசலில் மாசிலாமணி கையை விரித்து மறித்தார்.

"ஆடெல்லாம் உள்ள விட முடியாது."

"அண்ணாச்சி" என்றான் ஆவுடையப்பன் பொறுமையாக. "ஆடு இல்லேன்னா இவரு மேய்ப்பரு இல்ல. இவரு மேய்ப்பரு இல்லேன்னா இது மேய்ப்பர் பை இல்ல. இந்தப் பை இல்லேன்னா பிரிட்டனே இல்ல. பிரிட்டன் இல்லேன்னா உலக விருந்து எப்படி நடக்கும்?"

மாசிலாமணிக்குத் தலை சுற்றியது. கடைசியாக ஒரு பிடியைப் பிடித்தார். "அசைவம் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கே?"

"ஆடு சுத்த சைவம் அண்ணாச்சி. இலை தழையைத் தவிர வேற எதையும் தொடாது."

மாசிலாமணி கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே வேப்பமரத்தடியில் வட்டமாக மேசைகள் போட்டிருந்தார்கள். இலங்கை, சீனா, ஜப்பான், இத்தாலி, பிரான்ஸ், மெக்சிகோ, துருக்கி, இந்தியா. ஒவ்வொரு மேசையிலும் காகிதக் கொடி. தட்டுகளுக்கு மேல் வாழை இலை. நடுவராக வந்திருந்தவர் ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் தாமோதரன். நாற்பது வருஷம் ஒரே பாடத்தை நடத்தியவர். நாற்காலியில் சாய்ந்து, தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று தெரியாத ஒரு நிலையில் இருந்தார்.

ஆட்டு மந்தையை வாசலோரம் நிறுத்திவிட்டு வெள்ளைச்சாமி மட்டும் பையோடு தனக்குரிய மேசைக்குப் போனார். முதலில் ஒரே ஒரு ஆடுதான் உள்ளே வந்தது. ஏதோ கொஞ்சம் வியாபாரம் பேசிவிட்டுப் போக வந்த மாதிரி, இலங்கை மேசையின் ஓரத்தில் மரியாதையாக நின்றது. ஜீனத்தின் அம்மா பாவம் பார்த்து அதற்கு ஒரு வாழை இலைத் துண்டு கொடுத்தார்.

அதைப் பார்த்து இன்னும் நான்கு ஆடுகள் வந்தன. முதல் ஆட்டுக்குப் பாதுகாப்பாக நிற்பதுபோல் சுற்றி நின்றன. அடுத்து எத்தனை வந்தன என்று யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் இலங்கைக்காரர்களுக்கும் இந்தியாக்காரர்களுக்கும் தகராறு வந்துவிட்டது. ஆட்டை விரட்ட வேண்டியது யார், அது யார் மேசைக்குச் சொந்தமான இடத்தில் நிற்கிறது என்று இரு பக்கமும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். வாதாடி முடிப்பதற்குள் இடியாப்பமும் போய்விட்டது, சர்க்கரைப் பொங்கலும் போய்விட்டது.

பிறகு வேகம்தான். சீனா நூடுல்ஸ் நின்ற நிலையில் இழுக்கப்பட்டது. இத்தாலியும் பிரான்சும் ஒரே மூச்சில் போயின. துருக்கி மேசைக்காரர் இனிப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் ஏறினார், ஒரு கிடா அவர் வேட்டியைத் தின்ன ஆரம்பித்ததும் இறங்கிச் சரணடைந்தார். மெக்சிகோவில் சோளம் இருந்த தடமே இல்லை. கடைசியில் ஆடுகள் எட்டு நாட்டுக் கொடிகளையும் தின்றுவிட்டு, நிழல் பார்த்துப் படுத்து அசைபோட ஆரம்பித்தன.

ஒன்பது மேசைகளில் எட்டு காலி. ஒன்பதாவது மேசையில் ஒரு காலிக் குண்டானும், வெள்ளைச்சாமியின் தோளில் ஒரு சின்னச் சுவரும் மட்டும் மிச்சம். சுவரை ஆடுகள் தொடவில்லை. வெயிலில் இறுகிக் கல்லாகியிருந்தது.

வடிவு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். கோமதிநாயகம் அவளையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். மற்ற நாடுகளுக்கு என்ன ஆயிற்று என்பது அவர் கணக்கில் வரவில்லை. நம்ம பையை இன்னும் யாரும் திறந்து பார்க்கவில்லையே என்பதுதான் அவருக்கு வருத்தம்.

"ஏல, உடைல" என்றார்.

சுடலைக்கண்ணு சுத்தியலை எடுத்தான். மூன்றாவது தட்டில் பூச்சு பெயர்ந்தது. உள்ளே முப்பது கம்பஞ்சோற்று உருண்டைகளும் ஈரம் மாறாமல், குளுகுளுவென்று இருந்தன. வெங்காய வாசனை மைதானம் முழுக்கப் பரவியது.

மணி ஒன்று ஆகியிருந்தது. பிள்ளைகளுக்கு நல்ல பசி. வேறு எதுவும் இல்லை. எட்டு நாட்டுக்காரர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து பிரிட்டன் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஆவுடையப்பன் ஆளுக்கு ஒரு உருண்டை, ஒரு துண்டு வெங்காயம், ஒரு முள் என்று அளந்து கொடுத்தான். இரண்டாவது உருண்டை கேட்டவர்களிடம், "முதல்ல எல்லாருக்கும் கிடைக்கட்டும்" என்று கண்டிப்பாகச் சொன்னான். மற்றவர்களுடைய சாப்பாடு எங்கே போயிற்று என்று அவனை யாரும் கேட்கவில்லை. பசித்தவர்களுக்கு அதெல்லாம் மறந்துவிட்டிருந்தது. சிலர் நன்றி கூடச் சொன்னார்கள்.

அப்போது தாமோதரன் வாத்தியார் எழுந்து நின்றார். அவர் கண்ணில் நீர் நின்றது.

"நாப்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கேன்" என்றார். "ஒரு பயலுக்கும் புரிஞ்சதில்ல. இன்னிக்கு ஒரு மணி நேரத்துல, ஒரு வார்த்தை பேசாம, முழுசா நடத்திக் காட்டிட்டாங்க. வந்தது, ஓரமா நின்னது, நம்ம சண்டையில நுழைஞ்சது, எல்லாத்தையும் தின்னது, கடைசியில நம்மளையே வரிசையில நிறுத்தி அளந்து போட்டது. பிரிட்டன்னா இதுதான்யா! முதல் பரிசு பிரிட்டன்!"

தலைமையாசிரியை அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் நடுவர் தீர்ப்பு தீர்ப்புதான். மேலும் அவர் வாயில் கம்பஞ்சோறு இருந்தது.

அண்ணன் தம்பிகளுக்கு வாத்தியார் சொன்னதில் பாதி புரியவில்லை. உருளைக்கிழங்குப் பூச்சைத்தான் பாராட்டுகிறார் என்று சுடலைக்கண்ணு நினைத்துக் கும்பிட்டான்.

வடிவு மெல்ல மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள். மாசிலாமணி அவளை மணிக்கு எட்டும்படி தூக்கிப் பிடித்தார். முதல் அடி தயங்கித் தயங்கி விழுந்தது. இரண்டாவது கொஞ்சம் பலமாக. அப்புறம் அவள் நிறுத்தவில்லை. முப்பத்தொன்பது ஆடுகளும் மிரண்டு எழுந்து ரோட்டில் ஓட, வெள்ளைச்சாமி அவற்றின் பின்னால் ஓட, பள்ளிக்கூடமே காலியான பிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள். கோமதிநாயகம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் புறப்படும்போது தலைமையாசிரியை அம்மா தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அடுத்த வருஷம் நீங்க எதுவும் செய்ய வேண்டாம் சார். தயவுசெஞ்சு வெறுங்கையோட வாங்க. அது போதும்."

"சரிங்கம்மா" என்றார் கோமதிநாயகம்.

மறுநாள் மத்தியானம் தென்காசி பஸ்ஸில் சிவகாமி வருகிறாள் என்று தகவல் வந்தது. வடிவு அடுத்த தெருவில் விளையாடப் போயிருந்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு மூவரும் பஸ் நிறுத்தத்துக்குப் போனார்கள். பஸ் வர நேரமானதால் பேச்சு அடுத்த வருஷத்துக்குப் போனது.

"வெறுங்கைன்னா என்னல?" என்றார் கோமதிநாயகம்.

"கையில ஒண்ணும் இருக்கக்கூடாது அண்ணே."

"எப்பலேர்ந்து?"

அதை யாரும் கேட்டுவைக்கவில்லை.

"பள்ளிக்கூடத்துக்குப் போற அன்னிக்கு மட்டும் கையை உதறிட்டுப் போனா அது வெறுங்கையா?" என்றான் சுடலைக்கண்ணு. "நேத்து வரைக்கும் சிமெண்டு பிடிச்ச கையை வெறுங்கைன்னு சொல்லிட்டு எந்த முகத்தோட போறது? பூச்சே ஒரு நாள்ல காயாது."

"கேட்டுரலாம்னா பள்ளிக்கூடம் லீவு."

மூவரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். கோமதிநாயகம் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் நழுவவிட்டார். ஆவுடையப்பன் கையிலிருந்த பஸ் அட்டவணைக் காகிதத்தைக் கீழே போட்டான். பிள்ளை விஷயம், ஆபத்தை விலைக்கு வாங்கக்கூடாது, இப்போதிலிருந்தே வெறுங்கைதான் என்று முடிவாயிற்று.

பஸ் வந்தது. ஒரு கையில் ட்ரங்குப் பெட்டி, ஒரு கையில் வாழைத்தார், இடுப்பில் ஒரு மூட்டை என்று சிவகாமி இறங்கினாள். பெட்டியை நீட்டினாள். மூன்று ஆண்களும் ஆறு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்கள்.

"கையில மட்டும் எதையும் குடுத்துராத" என்றார் கோமதிநாயகம் பதற்றமாக. "வா, நாங்க முன்னால வழி காட்டுதோம்."

அப்படியே தூக்கிய கைகளோடு மூவரும் முன்னால் நடக்க, சிவகாமி வாழைத்தாரும் பெட்டியும் மூட்டையுமாகப் பின்னால் வந்தாள். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் யாரோ துப்பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து வண்டியைப் போட்டுவிட்டுத் தானும் கையைத் தூக்கினார்.

வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கதவில் பூட்டு தொங்கியது. சாவி கோமதிநாயகத்தின் இடுப்பில் இருந்தது. தம்பிமார் இருவரும் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் அண்ணாந்து பார்த்தார். பிறகு மனைவியிடம் ரொம்ப அன்பாகச் சொன்னார்:

"பெட்டியை இறக்கி வச்சுட்டு இப்படி உக்காரும்மா. அடுத்த டிசம்பர் வந்ததும் திறந்துரலாம்."